கோங் விழும் இடம் (வாசகர் கடிதமும் பதிலும்)

வணக்கம்.

நான் சிங்கப்பூரில் ஈசூனில் வசிக்கிறேன். பள்ளி நாட்களில் எட்டு வருடம் கர்நாடக வாய்ப்பாட்டு படித்தவள். ஜூன் விடுமுறையில் குடும்பத்தோடு யோக்யகர்த்தா போய் வந்தோம். அந்த ஊர் மேல் ஆசை வந்ததற்குக் காரணம் என் அண்ணி. அவர் ஜாவானியப் பூர்வீகம் உள்ள மலாய்க் குடும்பத்துப் பெண். அவருடைய அப்பாவிடம் ஒரு பெட்டி நிறைய, ஜாவாவின் வெண்கல வாத்தியக் குழு இசையான கமெலான் கேசட்டுகள் இருக்கின்றன. ஹரி ராயாவுக்குப் போகும்போதெல்லாம் ஒன்றைப் போட்டுவிடுவார்.

அங்கே அரண்மனையில் காலை நிகழ்ச்சிக்குப் போனோம். தொடக்கத்திலிருந்து ஒரே மாதிரி போய்க்கொண்டிருந்தது. பிள்ளைகளுக்கும் பசி. இருபது நிமிடத்தில் எழுந்து வந்துவிட்டோம். கைப்பேசியில் கொஞ்சம் பதிவு செய்துகொண்டேன். வீட்டில் போட்டுக் கேட்டால் எனக்கு மோகனம் மாதிரி இருக்கிறது. கூடப் பாட்டு படித்த தோழி சுத்த சாவேரி என்கிறாள். கணவர் சுருதி பார்க்கும் செயலியில் வைத்துப் பார்த்தார், எல்லா ஸ்வரமும் தப்பு என்று காட்டுகிறது. மாமா ஒருவர், "சோழர்கள் கொண்டுபோய்க் கொடுத்த இசைதான், அவர்கள் கெடுத்து வைத்திருக்கிறார்கள்" என்கிறார். அண்ணியின் அப்பாவிடம் இதில் ஸட்ஜம் எது என்று கேட்டேன். சிரித்துவிட்டு, "கோங் வரும்வரை பொறு" என்றார். கோங் என்பது அங்கே தொங்கும் பெரிய வெண்கலத் தட்டு என்று தெரியும், மற்றது எனக்குப் புரியவில்லை.

இது என்ன ராகம்? எந்தப் பதிவுகளில் தொடங்குவது? கீபோர்ட் படிக்கும் என் பன்னிரண்டு வயது மகன் இதை வாசிக்க முடியுமா?

மீனா, ஈசூன்

*

அன்புள்ள மீனா,

உங்கள் கேள்விக்குப் பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அந்தப் பெரியவர் மூன்று சொல்லில் சொல்லிவிட்டார். நீங்கள் அதைத் தாண்டி வந்து தோழியிடமும் செயலியிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். வீட்டுக்குள் ஒரு ஆசான் இருக்கும்போது கைப்பேசியிடம் ஏன் கேட்கிறீர்கள்?

முதலில் ராகத்தை முடித்துவிடுகிறேன். நீங்கள் கேட்டது ஸ்லேந்த்ரோ என்ற சுருதி அமைப்பாக இருக்க வேண்டும். ஒரு ஸ்தாயியில் ஐந்து ஸ்வரம், ஏறத்தாழச் சம இடைவெளி. ஸ்தாயியை 1200 சென்டாகப் பிரித்தால் ஒவ்வொரு படியும் சுமார் 240 சென்ட். கீபோர்டில் அடுத்தடுத்த கட்டைக்கு 100 சென்ட்தான். ஆகவே முதல் ஸ்வரத்தை ஸட்ஜமாக வைத்தால் அடுத்தவை 240, 480, 720, 960. மோகனத்தில் காந்தாரம் 400-ஐ ஒட்டி நிற்கும். இங்கே அந்த இடத்து ஸ்வரம் 480-ல், கிட்டத்தட்ட சுத்த மத்யமத்தில் இருக்கிறது. செயலி எல்லாவற்றையும் தப்பு என்று காட்டியது இதனால்தான். அதற்குத் தெரிந்தது பன்னிரண்டு கட்டைகள் மட்டும்.

உங்களுக்கு மோகனமாகவும் தோழிக்குச் சுத்த சாவேரியாகவும் கேட்டதற்கும் இதுவே காரணம். மோகனத்தில் கிரகபேதம் செய்தால், அதாவது ஸட்ஜத்தை வேறொரு ஸ்வரத்துக்கு மாற்றினால், ரிஷபத்திலிருந்து மத்யமாவதி, காந்தாரத்திலிருந்து ஹிந்தோளம், பஞ்சமத்திலிருந்து சுத்த சாவேரி வரும் என்று படித்திருப்பீர்கள். படிகள் கிட்டத்தட்டச் சமமாக இருக்கும் ஸ்லேந்த்ரோவில் எந்த ஸ்வரத்தை ஸட்ஜமாகப் பிடித்தாலும் காது ஏதோ ஒரு ஐந்து ஸ்வர ராகத்தைக் கட்டிக்கொண்டுவிடும். நீங்கள் ஒரு ஸ்வரத்தைப் பிடித்தீர்கள், தோழி வேறொன்றைப் பிடித்தாள். இரண்டு பேரும் கேட்டது உங்கள் தம்பூராவை. அங்கே தம்பூரா இல்லை. பேலோக் என்று ஏழு ஸ்வரத்தில் இன்னொரு அமைப்பும் உண்டு, அதைக் கேட்டிருந்தால் தோடி, பூபாளம் என்று சண்டை போட்டிருப்பீர்கள். போதாததற்கு ஒவ்வொரு கமெலான் தொகுதியும் தனக்கென்று சுருதி சேர்க்கப்பட்டது. ஓர் ஊர்த் தொகுதியிலிருந்து ஒரு வாத்தியத்தை எடுத்து இன்னொரு தொகுதியில் வைத்து வாசிக்க முடியாது. ராகப் பெயரை விட்டுவிடுங்கள்.

உங்கள் மாமா சொன்னதற்கு இரண்டே வரி. ராஜேந்திரன் 1025-ல் படை அனுப்பியது ஸ்ரீவிஜயத்தின் மேல், அதாவது சுமத்ரா, மலாய்த் தீபகற்பம் பக்கம். கமெலான் வளர்ந்தது நடு ஜாவாவில். ராமாயணமும் மகாபாரதமும் கடல் கடந்து போயின, உண்மைதான். வெண்கலத்தை உருக்கி, நெருப்பில் காய்ச்சிக் காய்ச்சி அடித்து, ஓர் ஆள் கட்டிப்பிடிக்கும் அகலத்துக்கு கோங் செய்யும் வித்தையும், அதற்கு ஏற்ற சுருதியும் அவர்களுடையவை. நடு ஜாவாவில் சோலோ நகருக்குப் பக்கத்தில் விருன் என்ற கிராமத்தில் இன்றும் அந்தப் பட்டறைகள் நடக்கின்றன. "அவர்கள் கெடுத்துவிட்டார்கள்" என்ற சொல்லை உங்கள் அண்ணி வீட்டில் யாரும் மறந்தும் சொல்ல விடாதீர்கள். இங்கே அடுத்த வீட்டுக்காரர்களோடு ஐம்பது அறுபது வருடம் ஒரே புளோக்கில் இருந்துவிட்டு, அவர்கள் கல்யாணத்துக் கொம்பாங் மேளத்தைக் கீழ்த்தளத்தில் கேட்டபடியே மின்தூக்கிக்குப் போகிறவர்கள்தான் இப்படிப் பேசுவார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். "ஒரே மாதிரி போய்க்கொண்டிருந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிதான் என்னை இந்தப் பதிலை எழுத வைத்தது. தாளம் போட்டுக் கேட்டுப் பழகிய நம்மவர்கள் கமெலானைக் கேட்டுவிட்டு எல்லாரும் இதையேதான் சொல்கிறார்கள். காதில் கோளாறு இல்லை, கையில்தான்.

நமக்கு ஆவர்த்தனத்தின் கனம் முதல் எண்ணிக்கையில். ஆதி தாளத்தில் முதல் தட்டு சமம், மற்ற ஏழும் அதற்குக் கட்டுப்பட்டவை. ஜாவாவில் கனம் கடைசி எண்ணிக்கையில். அவர்களுடைய அடிப்படை அலகு காத்ரா, நான்கு எண்ணிக்கை. ஒன்று லேசு, இரண்டு கொஞ்சம் கனம், மூன்று லேசு, நாலில் முழுக்கனம். அப்படி நாலு நாலாகச் சேர்ந்து ஒரு சுற்று. சுற்றின் கடைசி எண்ணிக்கையில் பெரிய கோங் விழும். கோங் சுற்றைத் தொடங்கி வைப்பதில்லை, முடித்து வைக்கிறது.

கேதாவாங் என்ற வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 16 எண்ணிக்கை. கெதுக் என்ற சின்னக் குமிழ்க் கோங், மந்தமாக "துக்" என்று கேட்பது, 2, 6, 10, 14-ல் வரும். கெனோங், கணீரென்று உயர்ந்து ஒலிப்பது, 8-லும் 16-லும். கெம்புல், தொங்கவிட்ட நடுத்தரக் கோங், 12-ல். பெரிய கோங் 16-ல். நாலாவது எண்ணிக்கையிலும் ஒரு கெம்புல் வரவேண்டும் என்று உங்கள் காது எதிர்பார்க்கும். வராது. அப்போதுதான் விழுந்த கோங்கின் அதிர்வுக்கு அந்த இடத்தை விட்டுவிடுகிறார்கள்.

இப்போது இதற்கு இரண்டு ஆவர்த்தனம் ஆதி தாளம் போட்டுப் பாருங்கள். கெனோங் எட்டாவது எண்ணிக்கையில், அதாவது கையைத் திருப்பி வீசும் இடத்தில் வரும். கோங்கும் அப்படியே இரண்டாம் ஆவர்த்தனத்தின் கடைசி வீச்சில் வரும். இருப்பதிலேயே பெரிய ஓசை, நம் கையின் மிக வெறுமையான அசைவில் வந்து விழுகிறது. கை ஒத்துக்கொள்ளாது. உங்களை அறியாமலே ஓர் எண்ணிக்கை தள்ளி, கோங்கை முதல் தட்டாக்கிக்கொண்டுவிடுவீர்கள்.

இதில் என்ன ஆபத்து என்றால், தள்ளிப் போட்டாலும் தாளம் உடையாது. கோங் முதல் தட்டில், கெனோங் அடுத்த ஆவர்த்தனத்தின் முதல் தட்டில், கெம்புல் அதே ஆவர்த்தனத்தின் ஐந்தாவது எண்ணிக்கையான திருதத் தட்டில் என்று அழகாகப் பொருந்திவிடும். தப்பு என்று சொல்ல எதுவும் இருக்காது. பாட்டு மட்டும் செத்துப்போகும். நாலு ஸ்வரத்தில் ஒரு சொற்கட்டு நடந்து வந்து நாலாவதில் உட்காருகிறது என்றால், நீங்கள் அந்த உட்காரும் ஸ்வரத்தை வெட்டி அடுத்த சொற்கட்டின் தலையில் ஒட்டிவிட்டீர்கள். ஒவ்வொரு வரியும் பெரிய ஓசையோடு தொடங்கி எங்கும் போய்ச் சேராமல் தேய்வதாகக் கேட்கும். ஒரே மாதிரிதான் இருக்கும். இருபது நிமிடத்தில் எழத்தான் தோன்றும்.

கச்சேரியில் மிருதங்கத் தனி ஆவர்த்தனத்தின் கடைசிக் கோர்வை மூன்று முறை வந்து விழும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மொத்த சபையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த அடியை நோக்கிப் போகிறதே, ஜாவாவில் ஒவ்வொரு கோங்கும் அப்படி நோக்கிப் போய்ச் சேரவேண்டிய இடம். பெரியவர் பொறு என்றது இதற்குத்தான்.

பயிற்சி சொல்கிறேன், இதை அப்படியே செய்யுங்கள். கேதாவாங் புஸ்பவர்ணா என்ற உருப்படியைத் தேடி எடுங்கள். 1977-ல் வாயேஜர் விண்கலங்களில் ஏற்றி அனுப்பிய தங்கத் தட்டில் இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்க்கரின் பைரவியோடு போன பதிவு அது, யோக்யகர்த்தாவின் பாகு அலாம் அரண்மனையில் எடுத்தது. ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கைப்பேசியின் ஒலிபெருக்கியில் கேட்காதீர்கள். பெரிய கோங்கின் அடிநாதம் 50 ஹெர்ட்ஸை ஒட்டியது. கைப்பேசி அதைக் கொடுக்கவே கொடுக்காது, மேல்நாதங்களை மட்டும் கொடுக்கும். கோங்கே கேட்காமல் கோங் இசையைக் கேட்டு என்ன பயன்? காதை மூடும் ஹெட்போன் போடுங்கள்.

முதல் தடவை எண்ணவே வேண்டாம். கோங் விழும்போது ஒரு விரலைத் தூக்கினால் போதும். பாடகிக்குப் பின்னால் போகாதீர்கள், மேலே பொடிப்பொடியாக ஓடும் வாத்தியங்களுக்குப் பின்னாலும் போகாதீர்கள். இரண்டாம் தடவை, இரண்டு கோங்குக்கு நடுவே கெனோங் எங்கே ஒலிக்கிறது என்று மட்டும் கேளுங்கள். அது சுற்றைச் சரிபாதியாக வெட்டும். அது பிடிபட்ட பிறகு, தாளம் போடும் கையை மடியில் கட்டிப்போட்டுவிட்டு, வாயால் ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு என்று சொல்லுங்கள். ஒண்ணை முணுமுணுத்து நாலை அழுத்திச் சொல்லுங்கள். நாலாவது நாலில் கோங் விழவேண்டும். விழவில்லை என்றால் எண்ணுவதை நிறுத்திவிட்டு அடுத்த கோங் வரும்வரை சும்மா இருங்கள். நடுவில் பிடித்துச் சரிசெய்யப் பார்த்தால் மறுபடி சமத்துக்குத்தான் போவீர்கள்.

எங்கெல்லாம் தடுமாறுவீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தொடக்கத்தில் ஒருவர் தனியாக ஒரு சிறு முன்னடையை வாசிப்பார், கெந்தாங் என்ற மத்தளம் வந்து சேரும், எல்லாரும் கூடும் நொடியில் ஒரு கோங் விழும். அதைத் தொடக்கம் என்று நினைத்து ஒன்று என எண்ணிவிடுவீர்கள். அது முன்னடையின் முடிவு. ஒன்று அதற்கு அடுத்தது. இரண்டாவது, கோங் சில நேரம் இம்மி பிந்தி விழும், உருப்படியின் கடைசிக் கோங் நன்றாகவே பிந்தும். அடிப்பவர் மற்றவர்கள் வந்து சேரக் காத்திருக்கிறார். மெட்ரோனோம் வைத்து எண்ணினால் அங்கே முந்திக்கொண்டு போய் நிற்பீர்கள்.

மூன்றாவதில்தான் கர்நாடக இசை படித்தவர்கள் அதிகம் வழுக்குகிறார்கள். மத்தளக்காரர் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வருவார். எண்ணிக்கைக்கும் எண்ணிக்கைக்கும் நடுவே இடைவெளி அகலும். ஓரளவு அகன்றதும் மேல்வாத்தியங்கள் அந்த இடைவெளியில் இரண்டு மடங்கு அடியை நிரப்பும். சாரோன் என்ற பட்டை வாத்தியங்களில் சிறியதான பெக்கிங் எண்ணிக்கைக்கு இரண்டு அடித்துக்கொண்டிருந்தது நாலு அடிக்கும், இன்னும் அகன்றால் எட்டு. மேலே கேட்டால் வேகம் குறையாத மாதிரி இருக்கும், அடியில் கேட்டால் பாதியாகியிருக்கும். நாம் மூன்று காலம் பாடும்போது தாளத்தை அசைக்காமல் பாட்டை இரட்டிக்கிறோம். இங்கே தாளமே விரிகிறது. மேலே எண்ணிக்கொண்டிருந்தவர்கள் இந்த இடத்தில் தொலைந்துபோவார்கள். ஆகவேதான் கீழிருந்து கேளுங்கள் என்கிறேன். கோங்கும் கெனோங்கும் காதில் நின்றுவிட்டால் மேலே எவ்வளவு நெருக்கினாலும் வழி தவறாது.

அடுத்த முறை யோக்யகர்த்தா போனால் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு உள்ளே கூட்டிப் போங்கள். முன்வரிசை வேண்டாம். அங்கே சாரோனும், போனாங் என்ற குமிழ்க் கோங் வரிசையும் காதை அடைத்துவிடும். கோங் தொங்கும் பின்பக்கம் அனுமதி உள்ள இடமாகப் பார்த்துத் தரையில் உட்காருங்கள். வாத்தியங்களைத் தாண்டிக் கால் வைக்காதீர்கள், சுற்றிப் போங்கள். பெரிய கோங்குக்குப் பெயர் வைத்து, பூ வைத்து, ஊதுவத்தி ஏற்றும் ஊர் அது. பதிவு செய்தே ஆகவேண்டும் என்றால் கைப்பேசியின் இரைச்சல் நீக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். நீண்டு இரையும் கோங்கின் கார்வையை அது இரைச்சல் என்று எண்ணித் துடைத்துவிடும்.

மகன் விஷயம். கீபோர்ட் வேண்டாம். 240 சென்ட் படியை 100 சென்ட் கட்டையில் எங்கே வைப்பான்? சாரோனில் உட்கார வையுங்கள். சிங்கப்பூரிலேயே கமெலான் அஸ்மரதானா என்ற குழு இருக்கிறது, விசாரியுங்கள். சாரோன் வெண்கலப் பட்டைகள் கொண்டது, வலக்கையில் மரச் சுத்தி. கற்க வேண்டிய வித்தை இடக்கையில்தான். அடுத்த பட்டையை அடிக்கும் அதே நொடியில், முன்பு அடித்த பட்டையை இடக்கைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து ஒலியை அடக்க வேண்டும். முந்திப் பிடித்தால் நடுவே ஓட்டை விழும், பிந்தினால் இரண்டு ஸ்வரமும் கலந்து மசமசக்கும். கீபோர்ட் பிள்ளைகளின் இடக்கை வலக்கையோடு சேர்ந்தே இறங்கப் பழகியிருக்கும், இங்கே அது ஒரு ஸ்வரம் பின்னால் நடக்க வேண்டும். முதலில் வேகம் வேண்டாம், ஸ்லேந்த்ரோவின் 1, 2, 3, 5, 6 என்ற எண்களை ஏற்றி இறக்கினால் போதும். நாலு என்ற எண்ணே அதில் கிடையாது, அதையும் சொல்லி வையுங்கள்.

எந்தப் பதிவில் தொடங்குவது என்று கேட்டீர்கள். அந்தக் கேசட் பெட்டியில். நடு ஜாவாக் கேசட் என்றால் சோலோவின் லோகானந்தா நிறுவனம் வெளியிட்டவை சில நிச்சயம் இருக்கும். 1956-ல் தொடங்கிய அரசு நிறுவனம் அது. அட்டையை வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். "லாட்ராங் விலுஜெங், லாரஸ் பேலோக், பாதெத் பாராங்" என்று இருந்தால் முதல் சொல் சுற்றின் வடிவம், அடுத்தது உருப்படியின் பெயர், பிறகு சுருதி அமைப்பு, பிறகு அதன் உட்பிரிவு. லாட்ராங் என்றால் 32 எண்ணிக்கை. கெனோங் எட்டு எட்டில், கெம்புல் 12, 20, 28-ல், இங்கேயும் நாலு காலி. லஞ்சாரான் என்று இருந்தால் 16, ஆனால் விரைவானது, கெனோங் நாலு நாலில், கெம்புல் 6, 10, 14-ல். கேட்கும் முன்பே எண்ணிக்கை உங்கள் கையில் இருக்கும். அண்ணியின் அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒவ்வொரு கேசட்டாகப் பெயர், எங்கே வாங்கியது, யாருக்குப் பிடித்தது என்று எழுதி வாங்குங்கள். இந்த வாரமே போங்கள். பெரியவர்களின் நினைவையும் நாடாவையும் தள்ளிப்போடக் கூடாது.

நாடாவைப் பற்றி எச்சரிக்கை. நம் ஊர் ஈரப்பதத்துக்குப் பூஞ்சை பிடித்திருக்கும். கேசட்டின் ஜன்னல் வழியாக நாடாச் சுருளின் விளிம்பைப் பாருங்கள். வெள்ளைப் பொடி தெரிந்தால் ஓட்டாதீர்கள், பூஞ்சை பிளேயரின் ஹெட்டில் ஒட்டி அடுத்தடுத்த நாடாக்களுக்கும் போகும். அவற்றைத் தனியே எடுத்துச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். சுத்தமாக இருப்பதை முதலில் கடைசிவரை வேகமாக ஓட்டித் திரும்பச் சுற்றுங்கள், ஒட்டிக்கிடக்கும் சுருள் விடுபடும். ஒலி திடீரென்று மங்கினால் நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சின்னப் பஞ்சுத் துண்டு கழன்றிருக்கும். வேறு பழைய கேசட் கூட்டுக்கு நாடாவை மாற்றிவிடலாம். சில கேசட்டுக்கு ஒருமுறை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் ஹெட்டைத் துடையுங்கள்.

கணினியில் ஏற்றும் முன் இன்னொன்று. பழைய பிளேயர்கள் வேகமாகவோ மெதுவாகவோ ஓடும். வேறு இசை என்றால் சுருதியை வைத்துக் கண்டுபிடித்துத் திருத்திவிடலாம். கமெலானுக்குப் பொதுச் சுருதி கிடையாது, ஆகவே அரை ஸ்வரம் ஏறி ஓடினாலும் உங்களுக்கும் தெரியாது, செயலிக்கும் தெரியாது, தவறான சுருதியே குடும்பத்துக்கு நிலைத்துவிடும். அதனால் முதலில் அதே பிளேயரில் ஒரு தமிழ்ப் படப்பாட்டுக் கேசட்டைப் போடுங்கள். அதே பாட்டின் நல்ல டிஜிட்டல் பதிவோடு பக்கத்தில் வைத்துச் சுருதியை ஒப்பிட்டு, பிளேயரின் வேகத் திருகைச் சரிசெய்துகொண்டு, அதற்குப் பிறகு அவருடைய கேசட்டுகளைத் தொடுங்கள்.